தேதி மறந்த கம்ப்யூட்டர்

துர்கா பூஜை விடுமுறை முடிந்து, லக்ஷ்மி பூஜைக்கு மறுநாள் என்று ஞாபகம். லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் இருக்கும் மாமி கீழே வந்து, "கொஞ்சம் மேல வந்து பாருப்பா, மாமாவோட கம்ப்யூட்டர் செத்துப் போச்சுன்னு கடைக்காரன் சொல்லிட்டான்" என்றார்.

மாமா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கல்கத்தாவில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். எந்த வங்கியில் எந்த டெபாசிட், எப்போது முதிர்கிறது, யார் நாமினி, ரசீது எந்த அலமாரியில் என்று எல்லாவற்றையும் ஒரே எக்செல் கோப்பில் வைத்திருந்தார். அப்படி ஒரு கோப்பு இருக்கிறது என்பது மட்டும் மாமிக்குத் தெரியும். கடைக்காரர் சொன்ன வைத்தியம் இது: மதர்போர்டு போய்விட்டது, புதுப் பெட்டி வாங்குங்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து அதிலேயே மாட்டித் தருகிறேன். அந்த 'ஃபார்மட்' என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நான் பி.காம். படித்த வங்கி ஆள். கம்ப்யூட்டர் என் தொழில் இல்லை. ஆனாலும் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 'சீமாஸ் செக்சம்' தவறு என்று ஒரு வரி. தொடர வேண்டுமானால் எஃப்1 அழுத்து என்று இன்னொரு வரி. மூலையில் தேதி, 2009-ம் வருஷம் ஜனவரி 1. எஃப்1 அழுத்தினால் விண்டோஸ் லேசாகத் தலைகாட்டிவிட்டு நீலத்திரையாகி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

வங்கிக்காரனுக்குத் தேதியில்தான் முதலில் கண் போகும். தேதி தப்பினால் எங்கள் தொழிலில் எல்லாமே தப்பு. இந்தப் பெட்டி சாகவில்லை, தேதியை மறந்துவிட்டது, அவ்வளவுதான் என்று தோன்றியது. மாமி கதையின் முடிவைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த மறதி எங்கிருந்து வந்தது என்ற கதை. கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

பயாஸ் என்றால் என்ன?

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் அதற்கு ஒன்றுமே தெரியாது. விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. ஆனால் ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. விடியற்காலையில் முதலில் வந்து கிளையின் ஷட்டரைத் திறந்து, விளக்கைப் போட்டு, மேனேஜர் வரும்வரை பார்த்துக்கொள்ளும் ஆள் மாதிரி ஒரு சின்ன நிரல் வேண்டும். அதுதான் பயாஸ். மதர்போர்டில் ஒரு சில்லில் நிரந்தரமாகக் குடியிருக்கும். நினைவகம், விசைப்பலகை, டிஸ்க் எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு, டிஸ்க்கிலிருந்து விண்டோஸை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

அந்தப் பெயரை 1970களின் நடுவில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் கேரி கில்டால். சிபி/எம் என்ற இயங்குதளத்தை எழுதியவர். ஒவ்வொரு கம்பெனியின் மெஷினும் ஒவ்வொரு மாதிரி இருந்ததால், மெஷினுக்கு மெஷின் மாறும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து அதற்கு பயாஸ் என்று பெயர் வைத்தார். மற்றதை எல்லாம் தொடாமல், இந்தச் சின்னப் பகுதியை மட்டும் திருப்பி எழுதினால் போதும் என்ற ஏற்பாடு.

அதற்கும் முன்னால் எப்படி? அந்தக் கதைக்கு நம் கொல்கத்தாவிலேயே இடம் இருக்கிறது. வடக்கே பரானகரில் மஹலனோபிஸ் ஆரம்பித்த இந்தியப் புள்ளியியல் நிறுவனம் உண்டு. 1955-ல் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்ற கம்ப்யூட்டர் அங்கே வந்து இறங்கியது. இந்தியாவுக்கு வந்த முதல் மின்னணுக் கணினி என்று அதைத்தான் சொல்கிறார்கள். சுழலும் காந்த உருளைதான் அதன் நினைவகம். இயங்குதளமும் கிடையாது, பயாஸும் கிடையாது. எல்லாம் மெஷின் மொழியில், மனிதர்கள் எழுதி ஊட்டியதுதான். பிறகு அதே நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1960களில் ஐ.எஸ்.ஐ.ஜே.யூ.-1 என்று சொந்தமாகவே ஒரு கணினியைச் செய்தன.

அதே 1960களில் இதே ஊரில் கம்ப்யூட்டரை உள்ளே விடமாட்டோம் என்று எல்.ஐ.சி. ஊழியர்கள் இலாகோ ஹவுஸ் கட்டடத்தை இரவு பகலாகக் காவல் காத்ததும் நடந்தது. கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்ற பயம். அதைப் பார்த்து இன்று சிரிப்பது சுலபம். சம்பளத்தை நம்பி நாலு பேர் சாப்பிடும் வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் சிரிப்பு வராது. வங்கிகளில் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் 1983-ல் வந்தது. ரங்கராஜன் கமிட்டி அறிக்கை 1984-ல் வந்தது. கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட தேதி

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் கம்பெனி தன் பி.சி.யை வெளியிட்டது. இன்று நம் வீட்டில் இருக்கும் பெட்டிகளுக்கெல்லாம் கொள்ளுத் தாத்தா. அதன் பயாஸ் வெறும் 8 கிலோபைட். அதை எழுதியவர்களில் முக்கியமானவர் டேவிட் பிராட்லி. கம்ப்யூட்டர் ஸ்தம்பித்தால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துகிறோமே, அதுவும் அவர் கைங்கரியம்தான்.

அந்த முதல் பி.சி.யில் ஒரு வேடிக்கை. அணைத்துவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் என்று எதுவும் உள்ளே கிடையாது. ஒவ்வொரு தடவை போடும்போதும் டாஸ் உங்களிடம் இன்று என்ன தேதி, இப்போது மணி என்ன என்று கேட்கும். நீங்கள் சொல்லாமல் என்டரைத் தட்டினால் 1980 ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்ளும். டாஸுக்குக் காலம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. அதற்கு முன் உலகம் இல்லை. எத்தனை மெமரி, எத்தனை ஃபிளாப்பி என்ற விவரங்களை மதர்போர்டில் இருக்கும் குட்டிக் குட்டி ஸ்விட்சுகளை மேலும் கீழும் தள்ளி வைக்கவேண்டும். ஸ்விட்சுக்கு மறதி கிடையாது.

1984-ல் ஐபிஎம் ஏ.டி. என்ற அடுத்த மாடல் வந்தது. அதில்தான் நம் கதாநாயகன் பிரவேசம். மோட்டரோலாவின் எம்.சி.146818 என்ற ஒரு சில். அதற்குள் ஒரு கடிகாரம், கூடவே 64 பைட் நினைவகம். கிலோபைட் இல்லை, வெறும் 64 பைட். அதில் 14 பைட் கடிகாரத்துக்கு, மீதி 50 பைட் மெஷினின் விவரங்களுக்கு. டிஸ்க் என்ன ரகம், மெமரி எவ்வளவு என்பது மாதிரி. ஒரு தபால் கார்டில் எழுதக்கூடிய விஷயத்தை விடக் குறைவு.

இந்தச் சில் சீமாஸ் என்ற தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது. மின்சாரத்தை மிகக் கொஞ்சமாகக் குடிக்கும். அதனால் ஒரு சின்ன பேட்டரியை வைத்து வருஷக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கலாம். பக்கத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை துடிக்கும். ஏன் அந்த எண்? 2-ஐ 15 தடவை பெருக்கினால் 32,768. அதை 15 தடவை பாதியாக்கினால் விநாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். உங்கள் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்திலும் இதே எண்தான்.

அந்த விவரங்கள் கெட்டுப் போகவில்லை என்று எப்படித் தெரியும்? நாங்கள் வவுச்சர் கட்டை எண்ணிக் கூட்டுத்தொகையை மேலே எழுதி வைப்பது மாதிரி, பைட்டுகளைக் கூட்டி அந்தத் தொகையையும் அங்கேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். காலையில் பயாஸ் மறுபடி கூட்டிப் பார்க்கும். தொகை ஒத்துவராவிட்டால் 'செக்சம் தவறு'. மாமி வீட்டுத் திரையில் வந்த வரி இதுதான். கணக்கு டேலி ஆகவில்லை என்று பெட்டி சொல்கிறது. கை காலை ஆட்டமுடியாமல் செத்துப் போய்விட்டேன் என்று சொல்லவில்லை.

ஆரம்பத்தில் பேட்டரி பல ரகமாக இருந்தது. சில போர்டுகளில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்தே விட்டார்கள். அது வயதானால் கசிந்து சுற்றியிருக்கும் செம்புக் கோடுகளை அரித்துவிடும். அப்புறம் காசு வடிவ லித்தியம் பேட்டரி நிலைத்தது. சி.ஆர்.2032. அந்தப் பெயருக்குள்ளேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட்.

சங்கர் என்ற பெயர்

ஐபிஎம் தன் பயாஸ் நிரலைப் புத்தகத்திலேயே அச்சடித்து விற்றது. ஆனால் காப்பி அடித்தால் வழக்கு. காம்பேக் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு குழு அந்த நிரலைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதித் தரும். அந்த நிரலைக் கண்ணாலேயே பார்க்காத இன்னொரு குழு அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதும். 1982 நவம்பரில் காம்பேக் தன் பெட்டியை அறிவித்தது. 1984-ல் ஃபீனிக்ஸ் என்ற கம்பெனி இதே முறையில் பயாஸ் எழுதி, கேட்கும் எல்லாருக்கும் விற்க ஆரம்பித்தது. அதோடு ஐபிஎம்மின் தனிக்காட்டு ராஜ்ஜியம் முடிந்தது. தைவானில் போர்டு செய்பவர்கள் எல்லாம் பி.சி. செய்யலாம் என்றானது.

அந்த வரிசையில் மூன்று எழுத்துக்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் போட்டவுடன் ஏ.எம்.ஐ. என்று வரும். அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் இன்கார்ப்பரேட்டட். பெயரைப் பார்த்தால் அசல் அமெரிக்க கம்பெனி. 1985-ல் ஜார்ஜியா மாநிலத்தில் அதைத் தொடங்கியவர்கள் சுப்ரமணியன் சங்கர், பாட் சர்மா என்ற இரண்டு பேர். பெயரைச் சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் "எந்த ஊர்?" என்று கேட்டுவிடுவார்கள். சர்மாவின் முந்தைய கம்பெனி ஆக்சஸ் மெத்தட்ஸ். அதன் சுருக்கமும் ஏ.எம்.ஐ.தான். அந்தப் பெயரில் பயாஸ் ஏற்கெனவே சந்தையில் பேர் வாங்கிவிட்டதால், அதே மூன்று எழுத்து வருகிற மாதிரி புதுப் பெயரைத் தேடிப் பிடித்தார்களாம். பிராண்டு என்றால் என்ன என்று காமர்ஸ் வகுப்பில் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர்களின் மதர்போர்டை ஆரம்பத்தில் வாங்கிய கம்பெனிகளில் ஒன்று பி.சி.ஸ் லிமிடெட். அதுதான் பின்னால் டெல் ஆனது. 1990களில் உலகம் முழுக்க ஏ.எம்.ஐ., அவார்டு, ஃபீனிக்ஸ் என்ற மூன்று பெயர்கள்தான். 1998-ல் அவார்டை ஃபீனிக்ஸ் விழுங்கிவிட்டது. ஏ.எம்.ஐ. நின்றது. சென்னையிலும் அலுவலகம் போட்டது. சங்கருக்குப் பிறகு தலைமைக்கு வந்தவர் சஞ்சய் மைதி. மைதி என்றால் இங்கே மேதினிபூர் பக்கத்துப் பெயர். ஆபீஸில் வங்காள நண்பர்களிடம் இதைச் சொன்னால் இரண்டு நாளைக்கு எனக்கு டீ இலவசம்.

ஐபிஎம் ஏ.டி.யில் அமைப்புகளை மாற்ற ஒரு தனி ஃபிளாப்பி வேண்டும். இந்தக் கம்பெனிகள் அந்த செட்டப் நிரலையும் சில்லுக்குள்ளேயே வைத்துவிட்டன. போட்டவுடன் டெலீட் விசையை அழுத்தினால் நீலத் திரை. நம்மில் பலர் பயந்துகொண்டே நுழைந்து பயந்துகொண்டே வெளியே வந்த இடம். அதில் கடவுச்சொல் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் எப்போதும் உண்டு. பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு மாட்டினால் 64 பைட்டும் அழிந்து கடவுச்சொல்லும் போய்விடும். இதற்கென்றே போர்டில் மூன்று ஊசிகள் வைத்து, ஒரு சின்னத் தொப்பியை இடம் மாற்றி மாட்டும் ஜம்பர் ஏற்பாடும் வந்தது. 'பயாஸை ரீசெட் செய்வது' என்று நாம் சொல்வது இதைத்தான். பயாஸ் நிரலை யாரும் தொடுவதில்லை. அது எழுதி வைத்த குறிப்புச் சீட்டைத்தான் கிழிக்கிறோம்.

1999: இரண்டு தேதிகள்

இந்த வித்தியாசம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், தெரியாமல் இருந்தபோது ஒரு அடி விழுந்தது. 1999-ல் நான் பி.காம். இரண்டாம் வருஷம். மாலையில் திருச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டேலி படித்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல் 26, திங்கட்கிழமை. போனால் நாலு பெட்டிகளில் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. பீப் சத்தம்கூட இல்லை. சென்டர் நடத்தியவர் பேட்டரியைக் கழற்றினார், மாட்டினார், ஜம்பரை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. கடன் வாங்கி வாங்கிய பெட்டிகள். ஒரு மனிதர் வேலை செய்யாத கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அது சி.ஐ.எச். வைரஸ். தைவானில் டாடுங் கல்லூரி மாணவர் சென் இங்-ஹாவ் 1998-ல் எழுதியது. அவர் பெயரின் முதல் எழுத்துக்கள்தான் சி.ஐ.எச். செர்னோபில் விபத்து நடந்ததும் ஏப்ரல் 26 என்பதால் செர்னோபில் வைரஸ் என்று பேர் வந்துவிட்டது. மொத்தமே ஏறக்குறைய ஒரு கிலோபைட். நிரல் கோப்புகளுக்குள் காலியாகக் கிடக்கும் இடுக்குகளில் தன்னைப் பிட்டுப் பிட்டு ஒளித்துக்கொள்ளும். கோப்பின் அளவு மாறாது, சந்தேகம் வராது. விண்டோஸ் 95, 98 பெட்டிகளில் வேலை செய்யும். அந்த வருஷம் மார்ச்சில் ஐபிஎம்மே விற்ற சில ஆப்டிவா கம்ப்யூட்டர்களில்கூட இது ஏறி வந்துவிட்டது.

குறித்த தேதி வந்ததும் இரண்டு வேலை. ஒன்று, ஹார்ட் டிஸ்க்கின் முதல் ஒரு மெகாபைட்டைப் பூஜ்யங்களால் நிரப்புவது. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரி. இரண்டு, பயாஸ் சில்லையே அழிப்பது. முன்பு பயாஸ் மாற்ற முடியாத ரோம் சில்லில் இருந்தது. 1990களில் மென்பொருளாலேயே திருத்தி எழுதும் ஃபிளாஷ் சில் வந்தது. திருத்தங்கள் போட வசதி. அதே கதவு வழியாகத்தான் சி.ஐ.எச். புகுந்தது. சில வகைப் போர்டுகளில் பயாஸ் மேல் குப்பையை எழுதியது. காலையில் ஷட்டர் திறக்கும் ஆளே இல்லாமல் போனான். குறிப்புச் சீட்டைக் கிழித்து என்ன பிரயோஜனம்? அதனால்தான் சென்டர்காரர் பேட்டரியைக் கழற்றியும் பலன் இல்லை. சில்லையே பிடுங்கி வேறு இடத்தில் திருப்பி எழுதி மாட்டவேண்டும், அல்லது போர்டை மாற்றவேண்டும்.

தென் கொரியா, துருக்கி, சீனா, வங்கதேசம், இந்தியா என்று ஆசியா பக்கம்தான் அடி பலம். வைரஸ் தடுப்பு கம்பெனிகளின் வீண் பெருமையை உடைக்கத்தான் எழுதினேன் என்று சென் சொன்னார். தைவானில் முதலில் யாரும் முறைப்படி புகார் கொடுக்காததால் வழக்கே இல்லை. 2000-ல் ஒரு மாணவர் புகார் கொடுத்த பிறகுதான் கைது. அந்தக் காலகட்டத்தில்தான் கிகாபைட் மாதிரி கம்பெனிகள் ஒரே போர்டில் இரண்டு பயாஸ் சில் வைக்க ஆரம்பித்தன. ஒன்று போனால் மற்றது. இரட்டைச் சாவி.

ஒரு நல்ல விஷயம் சொல்லவேண்டும். விண்டோஸ் எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணையை இரண்டு பிரதியாக வைத்திருக்கும். பெரிய டிஸ்க்குகளில் இரண்டாவது பிரதி அந்த ஒரு மெகாபைட்டுக்கு அப்பால் இருந்ததால், பொறுமையாக மீட்டவர்கள் உண்டு. அவசரப்பட்டு ஃபார்மட் செய்தவர்கள்தான் நிரந்தரமாக இழந்தார்கள்.

அந்த வருஷத்தின் இன்னொரு தேதி டிசம்பர் 31. ஒய்2கே. கடிகாரச் சில்லில் வருஷத்துக்கு இரண்டு இலக்கம்தான் இடம். 99-க்கு அப்புறம் 00. அது 1900-மா 2000-மா என்று முடிவு செய்யவேண்டியது பயாஸ். பழைய பயாஸ்கள் பல 1900 என்றே சொல்லின. டாஸுக்கு 1980-க்கு முன் உலகமே இல்லை, ஆகவே அது 1980-க்குப் போய் உட்கார்ந்துகொண்டது. 1994-95 வாக்கில் வந்த சில அவார்டு பயாஸ்கள் நேர் எதிராக 2094 என்றன. சோதிக்கும் முறை சுலபம்: கடிகாரத்தை 1999 டிசம்பர் 31 இரவு 11.58-க்கு வைத்து, அணைத்து, ஐந்து நிமிஷம் கழித்துப் போட்டுப் பார்ப்பது.

வட்டி கணக்கிடும் கம்ப்யூட்டருக்கு இது விளையாட்டு இல்லை. ஒரு டெபாசிட் 1998-ல் போட்டு 2001-ல் முதிர்கிறது என்றால், 01-லிருந்து 98-ஐக் கழித்தால் என்ன வரும்? அதே சமயத்தில்தான் மத்திய கண்காணிப்பு ஆணையம், 2001 ஜனவரி 1-க்குள் வங்கிகள் தங்கள் வணிகத்தில் 70 சதவீதத்தைக் கணினிமயமாக்க வேண்டும் என்று கெடு வைத்திருந்தது. இந்த ஒய்2கே வேலையைப் பிடித்துத்தான் நம் பிள்ளைகள் பலர் விமானம் ஏறினார்கள். இதைப் படிக்கும் வீடுகளில் சிலவற்றுக்கு அஸ்திவாரமே அந்த இரண்டு இலக்கம்தான்.

இப்போது என்ன நிலைமை

இன்றைய பெட்டிகளில் பழைய பயாஸ் இல்லை. இன்டெல் ஆரம்பித்து, 2005-லிருந்து கம்பெனிகள் பல சேர்ந்து வளர்த்த யூ.இ.எஃப்.ஐ. வந்துவிட்டது. ஏ.எம்.ஐ.யும் அந்தக் கூட்டத்தில் உண்டு. பழக்கதோஷத்தில் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறோம். அமைப்புகளில் பெரும்பகுதி இப்போது ஃபிளாஷ் சில்லிலேயே இருப்பதால் பேட்டரியைக் கழற்றினால் எல்லாப் போர்டிலும் எல்லாம் அழியும் என்று சொல்லமுடியாது. லேப்டாப் கடவுச்சொல் பெரும்பாலும் அழியாது. திருட்டைத் தடுக்கத்தான் அப்படி.

சரி, மாமி வீட்டுக்கு வருவோம். சாந்தினி மார்க்கெட்டில் சி.ஆர்.2032 ஐம்பது ரூபாய்க்குள் கிடைத்தது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்தேன். பெட்டியின் இரும்பைத் தொட்டு என் உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, பழைய பேட்டரியை எடுத்து, பத்து நிமிஷம் கழித்துப் புதியதை மாட்டினேன். எழுத்துள்ள பக்கம் மேலே. பிறகு டெலீட் விசை, தேதி, மணி.

ஆனால் நீலத்திரை போகவில்லை. இங்கேதான் கடைக்காரர் ஏமாந்திருக்கவேண்டும். மறதி வந்த பெட்டி தன் ஆலை இயல்புக்குத் திரும்பியபோது, ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறையையும் மாற்றிவிட்டது. மாமா விண்டோஸ் போட்டது ஏ.எச்.சி.ஐ. முறையில். பெட்டியின் ஆலை இயல்பு பழைய ஐ.டி.இ. முறை. விண்டோஸ் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஒரு வரியை மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்தேன். இரண்டு நிமிஷத்தில் மாமாவின் திரை வந்தது. காவிரிக்கரைப் படம் ஒன்று, நடுவில் அந்த எக்செல் கோப்பு. மாமி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் விளக்கேற்றிவிட்டு வந்தார்.

கோப்பில் நாலு வங்கிகள், பதினோரு டெபாசிட். அதில் இரண்டு மாமிக்குத் தெரியவே தெரியாது. பத்து வருஷம் யாரும் கேட்காத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்புறமும் கேட்டு வாங்கலாம், 2023-ல் இதற்காக உத்கம் என்ற இணையதளத்தையும் ரிசர்வ் வங்கி திறந்திருக்கிறது. ஆனால் தேடவேண்டும் என்று தெரிந்தால்தானே தேடுவோம்?

ஊரில் அப்பா அம்மாவுக்கு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு மூன்று விஷயம்.

ஒன்று. வங்கித் தளம் திறக்கவில்லை, பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கை வருகிறது என்று அப்பா ஃபோனில் சொன்னால், முதலில் கம்ப்யூட்டரில் தேதி என்ன என்று கேளுங்கள். பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கும் ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 2009-ல் நிற்கும் பெட்டி இன்றைய சான்றிதழை ஏற்காது. என் கிளைக்கே இப்படி இரண்டு பேர் வந்து, உங்கள் வங்கித் தளம் போலியா என்று சண்டை போட்டிருக்கிறார்கள்.

இரண்டு. அமைப்புகளை ரீசெட் செய்வதும் பயாஸைப் புதுப்பிப்பதும் வேறு வேறு. புதுப்பிக்கும்போது நடுவில் கரண்ட் போனால் 1999-ல் நான் பார்த்த கறுப்புத் திரைதான். இங்கே சித்திரை வைகாசியில் கால்பைசாகி புயல் அடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. யு.பி.எஸ். இல்லாமல், அவசியம் இல்லாமல் அதில் கைவைக்காதீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். மாமாவின் பெட்டி பழையது, அதனால் பிழைத்தது. இப்போது வரும் பல விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. பயாஸ் அமைப்பை ரீசெட் செய்தால், யாரோ பெட்டியைத் திறந்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி, பெட்டியை முதலில் அமைத்துக் கொடுத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பல வீடுகளில் அது டொரண்டோவில் இருக்கும் பையனின் கணக்கு, எப்போதோ விட்டுப்போன மின்னஞ்சல் முகவரி. சாவி இல்லாவிட்டால் நானும் திறக்கமுடியாது, சாந்தினிக்காரரும் திறக்கமுடியாது.

அதனால் இந்த வாரக் கடைசியில் ஊருக்கு ஃபோன் செய்யும்போது அந்த 48 இலக்கத்தை எடுத்து, அப்பாவிடம் படித்துக் காட்டி ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒரு முறை திருப்பிப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். கம்ப்யூட்டருக்குள் சேமித்து வைக்கவேண்டாம். டெபாசிட் ரசீதுகள் இருக்கும் அதே அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். எந்த அலமாரி என்பதை அம்மாவிடமும் சொல்லச் சொல்லுங்கள்.